சளி மாத்திரை வாங்கறதுக்கு முன்னாடி அக்கா சொல்றதைக் கேளு

தங்கச்சி, மெடிக்கல் ஷாப் வாசல்ல நின்னு "அண்ணே, சளிக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்க"ன்னு கேக்கிறதை இன்னையோட நிறுத்து. கத்தரியால வெட்டின நாலு மாத்திரையைப் பேப்பர்ல மடிச்சு நீட்டுவாங்க. என்ன பேரு, எத்தனை மில்லிகிராம், எப்போ காலாவதி, எதுவும் உனக்குத் தெரியாது. அதுல ஒண்ணு ஆளைத் தூங்க வைக்கிறதா இருக்கும். ஒண்ணு ஸ்டீராய்டாவே இருக்கலாம். சாப்பிட்ட ராத்திரியே உடம்பு லேசானதும் "அந்தக் கடை மாத்திரைதான் நமக்குக் கேக்குது"ன்னு ஊரெல்லாம் சொல்லுவ. கேட்டது எதுன்னு உனக்கும் தெரியாது, ஏன்னும் தெரியாது.

நாம இருக்கிறது கடல் மட்டத்துக்கு ஏழாயிரம் அடி மேல. கொடைக்கானல் டவுனோ, பூம்பாறையோ, மன்னவனூரோ, பனியும் ஈரமும் இல்லாத மாசம் குறைச்சல். மூக்கு ஒழுகறது இங்க எல்லா வீட்டுலயும் உண்டு. அதனாலேயே எந்த மருந்து என்ன வேலை செய்யுதுன்னு நம்ம ஊர்ப் பொம்பளைங்களுக்குக் கட்டாயம் தெரிஞ்சிருக்கணும். அடுப்புல பால் இருந்தா இறக்கி வெச்சுட்டு வந்து உட்காரு.

1. இது தடுமமா, அலர்ஜியா, வெறும் குளிரான்னு முதல்ல பாரு. மூணுக்கும் மூக்கு ஒழுகும். மருந்து மூணுக்கும் ஒண்ணு இல்லை.

- தடுமம்னா வைரஸ். தொண்டை கரகரப்புல ஆரம்பிக்கும், உடம்பு வலிக்கும், லேசா காய்ச்சல் அடிக்கலாம், ரெண்டு மூணு நாள்ல சளி கெட்டியாகும். ஏழுல இருந்து பத்து நாள்ல தானா போயிடும். இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுக்கும்.
- அலர்ஜின்னா அரிப்புதான் அடையாளம். மூக்கு, கண்ணு, மேலண்ணம் எல்லாம் அரிக்கும். தொடர்ச்சியாத் தும்மல், தண்ணி மாதிரி ஒழுகல், காய்ச்சல் இருக்காது. ட்ரங்குப் பெட்டியில கிடந்த ஸ்வெட்டரை உதறினதும், பூட்டியே கிடந்த அறையைத் திறந்ததும் ஆரம்பிக்குதா? அது அலர்ஜி.
- மூணாவது, குளிர் ஒழுகல். மார்கழி, தை விடியக்காலையில ஏரிப் பக்கம் புல்லெல்லாம் உறைபனி வெளுத்துக் கிடக்கும்போது நடந்தா மூக்குத் தண்ணியா ஊத்தும். மூக்குக்கு வேலையே உள்ள போற காத்தைச் சூடாக்கி ஈரமாக்கி நுரையீரலுக்கு அனுப்புறதுதான். காத்து ரொம்பக் குளிர்ந்து காஞ்சிருந்தா கூடுதலாத் தண்ணி சுரக்கும். வீட்டுக்குள்ள வந்ததும் நின்னுடும். இதுக்கு மாத்திரையே வேண்டாம். மப்ளரை மூக்கு வரைக்கும் சுத்து, போதும்.

மதுரையில இருந்து சுற்றுலா வர்ற சொந்தக்காரங்க மேல ஏறின ரெண்டு மணி நேரத்துல "சளி புடிச்சிடுச்சு, மாத்திரை இருக்கா"ன்னு கேப்பாங்க. முக்கால்வாசி இந்த மூணாவது கேஸ்தான். சூடா ஒரு டீ போட்டுக் கொடு.

2. ஸ்ட்ரிப்பைத் திருப்பிப் பின்பக்கம் படி. முன்பக்கம் பேரும் படமும் என்ன வேணா இருக்கட்டும். பின்பக்கம் பொடி எழுத்துல இருக்கிறதுதான் மருந்து. கண்ணு தெரியலைன்னா போன்ல படம் எடுத்துப் பெரிசாக்கிப் பாரு. கடையில கிடைக்கிற பெரும்பாலான சளி மாத்திரையில மூணு பேரு இருக்கும்: பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்பெனிரமின். சிலதுல காஃபீனும் சேர்த்திருப்பாங்க. பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் வலிக்கும். ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குன்னு போடறது. குளோர்பெனிரமின் தும்மலையும் ஒழுகலையும் குறைக்க. கூடவே தூக்கம் வரும். காஃபீன் அந்தத் தூக்கத்தைக் கொஞ்சம் சமாளிக்க.

இதுல ஒண்ணுகூட வைரஸைக் கொல்லாது. தடுமத்தைக் குணப்படுத்தற மாத்திரை இன்னும் உலகத்துல யாரும் கண்டுபிடிக்கலை. இருநூறுக்கு மேல வைரஸ் இந்த ஒரே தொல்லையைக் கொடுக்குது, ஒரு மருந்து எல்லாத்துக்கும் பொருந்தாது. நீ வாங்கறது தொல்லையைத் தாங்கிக்கிற மருந்து மட்டும்தான். அதனால எந்தத் தொல்லை இருக்கோ அதுக்கு மட்டும் வாங்கு. தலைவலி மட்டும்னா பாராசிட்டமால் மட்டும் போதும். மூணையும் சேர்த்து முழுங்காதே.

பின்பக்கம் படிக்கச் சொல்றதுக்கு இன்னொரு காரணம் இருக்கு, இதுதான் ஆபத்தானது. காலையில சளி மாத்திரை, மத்தியானம் காய்ச்சலுக்கு 650, ராத்திரி உடம்பு வலிக்கு இன்னொண்ணுன்னு போடுவ. மூணுலயும் இருக்கிறது அதே பாராசிட்டமால். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்ச வரம்பு, அதாவது 650 மாத்திரை ஆறு. தாண்டினா கல்லீரல் அடி வாங்கும். வீட்டுக்காரர் குடிக்கிறவரா இருந்தாலோ, ஏற்கெனவே கல்லீரல் கோளாறு இருந்தாலோ அந்த வரம்பே அவருக்கு அதிகம். டாக்டர்கிட்ட கேட்டுத்தான் கொடுக்கணும்.

3. அலர்ஜி மாத்திரையைத் தும்மல் வர்றதுக்கு முன்னாடி போடு. தூசியோ பூஞ்சையோ மூக்குக்குள்ள போனதும், உடம்பு அதை எதிரின்னு நினைச்சுக்கிட்டு மாஸ்ட் செல்லுங்கிற அணுக்கள்ல இருந்து ஹிஸ்டமினை வெளிய விடுது. அந்த ஹிஸ்டமின் போய் உட்கார்றதுக்கு மூக்கு, கண்ணு, தோல்னு எல்லா இடத்துலயும் சீட்டு இருக்கு. அது உட்கார்ந்ததும் அரிப்பு, தும்மல், தண்ணி, வீக்கம். ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை செய்யறது, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல ஜன்னல் வழியா துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அந்த வேலை. ஹிஸ்டமின் வந்து பாக்கும்போது சீட்டு காலி இருக்காது. ஏற்கெனவே உட்கார்ந்துட்டதை எழுப்பறதுதான் கஷ்டம். அதனால நாளைக்குப் பரண் சுத்தம் பண்ணப் போறன்னா இன்னைக்கு ராத்திரியே செட்ரிசின் போட்டுக்கோ. கண்ணு வீங்கினப்புறம் போட்டுட்டு "கேக்கலை"ன்னு திட்டாதே.

இந்த மாத்திரையில பழசு, புதுசுன்னு ரெண்டு தலைமுறை. குளோர்பெனிரமின், அவில்ல இருக்கிற பெனிரமின், பெனட்ரில்ல இருக்கிற டைஃபென்ஹைட்ரமின், ப்ரோமெத்தசின் எல்லாம் பழசு. ரத்தத்துல இருந்து மூளைக்குள்ளயும் புகுந்துடும். மூளையில நம்மளை முழிப்பா வைக்கிறதும் ஹிஸ்டமின்தான். அதை அடைச்சா தூக்கம் சொக்கும். வாயும் மூக்கும் காஞ்சும் போகும். செட்ரிசின், லெவோசெட்ரிசின், லோராடடின், ஃபெக்சோஃபெனடின் புதுசு. மூளைக்குள்ள அவ்வளவாப் போகாது. அதுலயும் செட்ரிசின் சிலருக்குத் தூக்கம் கொடுக்கும், ராத்திரி போடறது நல்லது. வேலைக்குப் போறவளுக்கு ஃபெக்சோஃபெனடின் வசதி. ஆனா அதைப் பழச்சாறோட முழுங்காதே. ஆப்பிள், ஆரஞ்சு ஜூஸ் அதை உடம்புல சேரவிடாது. வெறும் தண்ணிதான்.

இன்னொண்ணு. வைரஸ் தடுமத்துல ஹிஸ்டமினுக்குப் பெரிய வேலை இல்லை. அதனால தடுமத்துக்கு செட்ரிசின் பெரிசா ஒண்ணும் கிழிக்காது. பழைய மாத்திரைங்க கொஞ்சம் ஒழுகலை நிறுத்தறது காய வைக்கிற குணத்தாலதான்.

4. மலைப்பாதையில சளி மாத்திரையையும் வாந்தி மாத்திரையையும் சேர்த்துப் போடாதே. இதை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படி. வத்தலக்குண்டு பக்கமோ பழனிப் பக்கமோ, கொண்டை ஊசி வளைவு வந்தா பாதிப் பேருக்கு வயித்தைப் புரட்டும். பஸ் ஏறும்போதே அவோமின் வாங்கிப் போட்டுக்குவாங்க. அவோமின்ல இருக்கிறது ப்ரோமெத்தசின், மேல சொன்ன பழைய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின். காலையில சளிக்குன்னு போட்ட மாத்திரையில குளோர்பெனிரமின். ஒரே குடும்பத்து மருந்து ரெண்டு பங்கு போச்சு. சீட்டுல உட்கார்ந்து வர்றவ தூங்கி வழிவா, போகட்டும். ஸ்டீயரிங் பிடிக்கிறவரு? "எனக்குத் தூக்கமெல்லாம் வராது"ன்னு சொல்ற ஆம்பளைங்களுக்கு ஒண்ணு சொல்லு: தூக்கம் வர்றது தெரியலைன்னாலும் கை, காலு, கண்ணோட வேகம் குறைஞ்சுதான் இருக்கும். முந்தின ராத்திரி போட்ட மாத்திரையோட மந்தம் மறுநாள் காலையிலயும் இருக்கும். பனி இறங்கின ரோட்டுல, எதிர்ல வர்ற பஸ் பக்கத்துல வந்தப்புறம்தான் தெரியற இடத்துல, அந்த மந்தம் உயிரை வாங்கிடும். வேன் ஓட்டறவரு, பைக்கில பால் கொண்டு போறவரு, யாரா இருந்தாலும் வண்டி எடுக்கிற நாள்ல பழைய தலைமுறை மாத்திரை கிடையாது. குடிச்சுட்டு இதைப் போடறதைப் பத்திப் பேசவே வேண்டாம்.

ரெண்டு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ப்ரோமெத்தசின் கொடுக்கவே கூடாது, மூச்சு அடங்கிப் போகலாம். "கொஞ்சூண்டு உடைச்சுக் கொடுத்தா நல்லாத் தூங்கிட்டு வரும்"னு சொல்ற அத்தையை நான் பாத்திருக்கேன். அத்தை கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை, தடுத்துடு.

கீழே இறங்கும்போது காது அடைச்சு வலிக்குதா? தடுமம் இருக்கிற நேரத்துல காதுக்கும் தொண்டைக்கும் நடுவுல இருக்கிற சின்னக் குழாய் வீங்கி மூடிக்கும். இறங்க இறங்கக் காத்தழுத்தம் கூடும், உள்ள இருக்கிற அழுத்தம் அதுக்குச் சரியாகாது. மிட்டாய் சப்பு, அடிக்கடி எச்சில் முழுங்கு. கைக்குழந்தைக்கு இறங்கும்போது பால் கொடுத்துக்கிட்டே வா. பெரியவங்க கிளம்பறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி மூக்குச் சொட்டு மருந்து விட்டுக்கலாம்.

5. மூக்கடைப்புச் சொட்டு மருந்து மூணே நாள்தான். மூக்கடைச்சுக்கிறது சளியால மட்டும் இல்லை. உள்ள இருக்கிற ரத்தக் குழாய்ங்க உப்பி வழியை அடைக்குது. ஓட்ரிவின்ல இருக்கிற சைலோமெட்டசோலினும், நாசிவியான்ல இருக்கிற ஆக்ஸிமெட்டசோலினும் அந்தக் குழாய்ங்களைச் சுருக்கிடும். அஞ்சு நிமிஷத்துல மூச்சு போகும். அந்தச் சுகத்துலதான் ஆளுங்க மாட்டிக்கிறாங்க. மூணு நாலு நாளுக்கு மேல விட்டா, மருந்து இறங்கினதும் குழாய் முன்னைவிட அதிகமா உப்பும். திரும்ப விடணும், திரும்ப உப்பும். தலையணைக்கு அடியில பாட்டிலை வெச்சுக்கிட்டு வருஷக்கணக்கா விட்டுக்கிறவங்க நம்ம தெருவிலேயே இருப்பாங்க. பாட்டில் மேல பேனாவால இன்னைக்குத் தேதியை எழுது, மூணாம் நாள் எடுத்து வெச்சிடு. பெரியவங்க பாட்டிலைக் குழந்தைக்கு விடாதே, அளவு வேற.

மாத்திரையா முழுங்கற ஃபினைலெஃப்ரின் கதை வேற. வயித்துக்குள்ள போனதும் குடல்லயும் கல்லீரல்லயும் பெரும்பகுதி சிதைஞ்சுடுது, மூக்குக்கு வந்து சேர்றது கொஞ்சம்தான். 2023 செப்டம்பர்ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்போட நிபுணர் குழு, வாய்வழியா எடுக்கிற ஃபினைலெஃப்ரின் மூக்கடைப்புக்குப் பலன் தராதுன்னு ஒருமனதாச் சொல்லிடுச்சு. 2024 நவம்பர்ல அதைக் கடையில நேரா விக்கிற மருந்துப் பட்டியல்ல இருந்து எடுக்கலாம்னு அங்க முன்மொழிஞ்சாங்க. நம்ம ஊர் சளி மாத்திரையில இன்னும் அதுதான் இருக்கு. நீ காசு கொடுக்கிற மூணு மருந்துல ஒண்ணு வேலையே செய்யலை.

6. வருஷம் முழுக்கத் தும்மறவளுக்கு ஸ்டீராய்டு ஸ்ப்ரேதான் சரி. பேரைக் கேட்டுப் பயப்படாதே. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் ஸ்ப்ரே எல்லாம் மூக்குக்குள்ளேயே வேலை செய்யறது, ரத்தத்துல சேர்றது ரொம்பக் கம்மி. மூக்குச் சதையோட வீக்கத்தை அடியோட குறைக்கும். ஆனா இன்னைக்கு அடிச்சு இன்னைக்கே கேக்காது. தினமும் அடிச்சா முழுப் பலன் தெரிய ஒண்ணு ரெண்டு வாரம் ஆகும். நாலு நாள் அடிச்சுட்டுத் தூக்கிப் போடறவங்கதான் அதிகம்.

அடிக்கிற விதமும் தெரியணும். மூக்கைச் சிந்தி, பாட்டிலைக் குலுக்கு. தலையை அண்ணாந்து பாக்காதே, லேசாக் குனி. வலது கையால இடது மூக்கு, இடது கையால வலது மூக்கு. முனை நடுச்சுவரைப் பாக்கக் கூடாது, காது பக்கம் சாய்ஞ்சிருக்கணும். நடுச்சுவர்ல பட்டுக்கிட்டே இருந்தா ரத்தம் கசியும். அடிச்சதும் பலமா உறிஞ்சாதே. உறிஞ்சினா மருந்து தொண்டைக்குப் போயிடும், வாய் கசக்கும். வாய் கசந்தா தப்பா அடிச்சிருக்கன்னு அர்த்தம். முதல் தடவை டாக்டர் பாத்து எழுதிக் கொடுத்துத்தான் வாங்கணும்.

7. மான்டெலுகாஸ்ட் போடற பிள்ளை இருந்தா கவனி. லெவோசெட்ரிசினோட சேர்த்து ஒரே மாத்திரையா நம்ம ஊர்ல சளிக்கெல்லாம் எழுதறாங்க. இது ஹிஸ்டமினைத் தொடாது, லூகோட்ரையீன்ங்கிற வேற ஒரு ரசாயனத்தைத் தடுக்கும். ஆஸ்துமாவுக்கு உதவும். வைரஸ் தடுமத்துக்கு இதால ஒரு பிரயோஜனமும் இல்லை. கெட்ட கனவு, எரிச்சல், மனச்சோர்வு, சில பேருக்குத் தற்கொலை எண்ணம்கூட வரலாம்னு 2020 மார்ச்ல அமெரிக்காவுல இதுக்குக் கடுமையான எச்சரிக்கை போட்டாங்க. மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து பிள்ளை ராத்திரி அலறி எழுந்திருக்குதா, காரணமில்லாம அழுவுதா? டாக்டர்கிட்ட உடனே சொல்லு. பழைய சீட்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்காதே.

8. சின்னக் குழந்தைக்குச் சளி சிரப் வேண்டவே வேண்டாம். இதுல அக்கா கெஞ்சியும் சொல்லுவேன், அதட்டியும் சொல்லுவேன்.

2025 செப்டம்பர்ல மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா பக்கம் சாதாரணச் சளி, காய்ச்சல்னு போன குழந்தைங்களுக்கு ஒரு சிரப் கொடுத்தாங்க. பேரு கோல்ட்ரிஃப். தயாரிச்சது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல இருந்த ஸ்ரீசன் பார்மா. குழந்தைங்களுக்கு மூத்திரம் நின்னு, சிறுநீரகம் செயலிழந்து, இருபதுக்கும் மேல இறந்து போச்சு. பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள. தமிழ்நாடு அரசு அக்டோபர் 1-ம் தேதி விற்பனையை நிறுத்துச்சு. சோதிச்சுப் பாத்தா அந்த சிரப்புல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் 48.6 சதவீதம். அனுமதிச்ச அளவு 0.1 சதவீதம். அந்த மாசமே கம்பெனியோட லைசென்ஸை ரத்து பண்ணினாங்க. சிரப்பைக் கரைக்கறதுக்கு மருந்துத் தரத்துல இருக்கிற திரவம் விலை அதிகம். தொழிற்சாலைச் சரக்கு மலிவு, அதுலதான் இந்த விஷம் கலந்து வரும். இனிப்பா இருக்கும், குழந்தை சப்புக்கொட்டிக் குடிக்கும்.

அந்த சிரப்புல மருந்துன்னு என்ன இருந்துச்சு தெரியுமா? பாராசிட்டமால், ஃபினைலெஃப்ரின், குளோர்பெனிரமின். அதே மூணுதான். குளோர்பெனிரமின், ஃபினைலெஃப்ரின் சேர்ந்த கலவையை நாலு வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு லேபிள்ல எழுதணும்னு இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பர்லயே சொல்லியிருந்துச்சு. தானாவே போற சளிக்கு, வேலை செய்யாத மருந்தை, கொடுக்கக் கூடாத வயசுல கொடுத்தாங்க. விஷம் கலக்காம இருந்தாலும் அந்தக் குழந்தைங்களுக்கு அது தேவையே இல்லை. எனக்கு நெஞ்சு பொறுக்கலை.

அதனால, இதை மனசுல வெச்சுக்கோ:

- ரெண்டு வயசுக்குக் கீழ சளி, இருமல் மருந்து எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாதுன்னு மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபர்ல சொல்லியிருக்கு. அஞ்சு வயசு வரைக்கும் பொதுவாத் தேவையில்லை.
- காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் சிரப் மட்டும், டாக்டர் எடைக்குத் தகுந்து சொன்ன அளவு. பாட்டில் மாறினா லேபிளைத் திரும்பப் படி. 5 மில்லியில 120 மில்லிகிராம் இருக்கிறதும் உண்டு, 250 இருக்கிறதும் உண்டு. மூடி ஒண்ணுதான், மருந்து ரெண்டு மடங்கு. டிராப்ஸ் இன்னும் கெட்டி. அதை சிரப் அளவுல ஊத்திடாதே.
- பெரிய பிள்ளைக்கு எழுதின சிரப்பைத் தம்பிக்குப் பாதி அளவுன்னு ஊத்தாதே.
- எந்த சிரப் கொடுத்த பிறகும் வாந்தி, சோர்வு, மூத்திரம் குறையறதுன்னு தெரிஞ்சா பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு.

அப்போ குழந்தைக்கு என்னதான் செய்ய? மூக்குக்கு உப்புத் தண்ணிச் சொட்டு, மெடிக்கல்ல சலைன் டிராப்ஸ்னு கேளு. பால் கொடுக்கறதுக்கு முன்னாடியும் தூங்க வைக்கறதுக்கு முன்னாடியும் ரெண்டு சொட்டு. ஒரு வயசு தாண்டின குழந்தை இருமினா ராத்திரி அரை ஸ்பூன் தேன். இருமல் குறைஞ்சு தூங்கும், சிரப்பைவிட மேல். ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மலைத்தேன், கடைத்தேன் எதுவும் நாக்குல தடவக்கூட வேண்டாம். அதுல இருக்கிற கிருமி விதை அந்த வயசுல குடல்ல முளைச்சு விஷம் உண்டாக்கும்.

9. தைல பாட்டிலை எட்டாத உயரத்துல வை. கொடைக்கானலுக்கு வந்துட்டு யூக்கலிப்டஸ் தைலம் வாங்காமப் போற ஆளு இல்லை. நல்லதுதான், அளவோட. தைலமும் விக்ஸும் தடவினா மூக்குத் திறந்த மாதிரி இருக்கும். நிஜத்துல அடைப்பு அப்படியேதான் இருக்கும். மெந்தால் மூக்குல குளிரை உணர்ற நரம்பைத் தூண்டி, காத்து நிறையப் போற உணர்வைக் கொடுக்குது. நிம்மதியாத் தூங்கினா அதுவும் லாபம்தான், நான் வேண்டாங்கலை. ஆனா மூக்குக்குள்ள விடாதே. சர்க்கரையில சொட்டு விட்டுச் சாப்பிடாதே. ஒரு டீஸ்பூன் அளவு குழந்தை வயித்துக்குள்ள போனாலே வலிப்பு, மயக்கம் வரலாம். தப்பித் தவறிக் குடிச்சுட்டா வாந்தி எடுக்க வைக்காம நேரா ஆஸ்பத்திரி. ரெண்டு வயசுக்குள்ள விக்ஸ், கற்பூரம் காய்ச்சின எண்ணெய், கழுத்துல கட்டற கற்பூர முடிச்சு எதுவும் வேண்டாம். கற்பூரம் பிஞ்சுத் தோல் வழியாவும் உள்ள போகும்.

ஆவி பிடிக்கிறது பெரியவங்களோட நிறுத்திக்கோ. குழந்தையைப் போர்வைக்குள்ள வெந்நீர்ப் பாத்திரத்துக்கு முன்னாடி உட்கார வெச்சு, அது துள்ளி, தொடையெல்லாம் வெந்து போனதை ஆஸ்பத்திரியில பாத்தவங்க திரும்ப அதைச் செய்ய மாட்டாங்க.

10. பச்சைச் சளி வந்தா ஆன்டிபயாடிக்னு முடிவு பண்ணாதே. சளியோட நிறம் மாறறது நம்ம வெள்ளை அணுக்கள் சண்டை போட்ட அடையாளம். அசித்ரோமைசின் வைரஸைத் தொடாது. வீட்டுல மிச்சம் கிடந்த மூணு மாத்திரையைப் போடறது அதைவிடத் தப்பு.

11. மாமனார், மாமியாருக்கு உன் மாத்திரையைக் கொடுக்காதே. பழைய தலைமுறை மாத்திரை வயசானவங்களைத் தடுமாற வைக்கும், ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவாங்க. ப்ராஸ்டேட் வீக்கம் இருக்கிற தாத்தாவுக்கு மூத்திரம் அடைச்சுக்கும். கண்ணுல அழுத்தம் இருக்கிறவங்களுக்கு ஆகாது. மூக்கடைப்பு மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏத்தும். மாசமா இருக்கிறவ, பால் கொடுக்கிறவ எதுவா இருந்தாலும் கேட்டுத்தான் போடணும். சில மூக்கடைப்பு மருந்து பால் சுரப்பையும் குறைச்சிடும்.

12. ஈரத்தைத் துரத்து, பாதி மாத்திரை மிச்சம். ஐப்பசி, கார்த்திகை மழையில நம்ம மலை வீட்டுச் சுவர் கருத்துப் போகும். அந்தக் கருப்பு பூஞ்சை. ரஜாய், கம்பளி, மெத்தையில தூசி உண்ணி. அலர்ஜிக்காரி வீட்டுல முதல்ல பாக்க வேண்டியது இந்த ரெண்டும்தான். பைன் மரத்து மஞ்சள் தூள் கண்ணுக்கு மிரட்டலா இருக்கும், ஆனா அதால அலர்ஜி வர்றது குறைச்சல். வெயில் வர்ற நாளை விடாதே: போர்வை, தலையணை எல்லாத்தையும் வெளியில போடு. உறையைக் கொதிக்கிற அளவுக்குச் சூடான தண்ணியில துவை. அலமாரியைச் சுவரோட ஒட்டி வைக்காம ஒரு சாண் தள்ளி வை. துணியை அறைக்குள்ள காயப் போடாதே. குளிருக்குன்னு கரி அடுப்பை மூடின அறைக்குள்ள கொண்டு வராதே. புகை மூக்கையும் கெடுக்கும், மணமே இல்லாத கார்பன் மோனாக்சைடு ஆளையே கொன்னுடும். காலையில வீட்டுல எல்லாருக்கும் ஒரே நேரத்துல தலைவலியும் குமட்டலும் இருந்தா அதைத் தடுமம்னு நினைக்காதே. கதவைத் திறந்து எல்லாரையும் வெளிய கூட்டிட்டுப் போ.

மிளகு ரசம், பூம்பாறைப் பூண்டு, சுக்குக் காப்பி, மஞ்சள் பால் எல்லாம் தாராளமாச் செய். தொண்டைக்கு இதம், உடம்புக்குத் தண்ணி சேரும். வைரஸை ஓட்டிடும்னு மட்டும் நம்பிக்கிட்டு ஆஸ்பத்திரி போற நாளைத் தள்ளாதே.

13. எப்போ கிளம்பணும். காய்ச்சல் மூணு நாள் தாண்டினா. பத்து நாள் ஆகியும் குறையலைன்னா. குறைஞ்சு வந்து திரும்ப அதிகமானா. நெஞ்சுல விசில் சத்தம் கேட்டா. மூச்சு விடும்போது குழந்தையோட விலா எலும்புக்கு இடையில குழி விழுந்தா. பால் குடிக்க மறுத்தா, தூக்கத்துல இருந்து எழுப்பவே முடியலைன்னா. மூணு மாசம் ஆகாத குழந்தைக்கு எந்தக் காய்ச்சல்னாலும் அன்னைக்கே.

டவுன்ல இருக்கிறவங்களுக்கு கொடைக்கானல் அரசு மருத்துவமனை பக்கம். மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைப் பக்கம் இருக்கிற தங்கச்சிகளுக்கு மட்டும் தனியாச் சொல்றேன்: "காலையில பாத்துக்கலாம்"னு ராத்திரியைக் கடத்தாதே. பனி இறங்கிட்டா அந்த ரோட்டுல வண்டி வர்றதே சிரமம். மத்தியானமே குழந்தையோட மூச்சு சரியில்லைன்னு தோணிச்சுன்னா, வெளிச்சம் இருக்கும்போதே 108-க்குப் போன் போட்டுக் கிளம்பிடு.